லீசல் அக்காவின் இரண்டாவது தட்டு

செய்தியைச் சொன்னது என் மனைவி சுகந்திதான். பேருந்தைக் கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர்க் குடுவையைத் திறக்கிறேன், தொலைபேசி அடித்தது. "இஞ்சருங்கோ, லீசல் அக்கா போயிட்டா. காலமை பாண் குடுக்கப் போனனான், கதிரையிலை இருந்தபடியே..." என்றாள். திரும்பும் பயணத்தை எப்படி ஓட்டி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறையாவது வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கீழ்த்தளக் கதவை அரைவாசி திறந்து, முதலில் உங்கள் சப்பாத்தையும் பிறகு முகத்தையும் பார்த்த அந்த நெட்டையான ஜெர்மன்காரி. வயது எண்பத்தொன்பது. எங்களுக்குள் பேச்சு ஜெர்மனில்தான். ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் அறிமுகமே சண்டை. இந்தக் கட்டடத்தில் படிகளைக் கிழமைக்கு ஒரு வீட்டார் முறைவைத்துத் துடைக்க வேண்டும். குடிவந்த புதிதில் எனக்கு அது தெரியாது. கதவைத் தட்டி, வாளியையும் துணியையும் என் கையில் திணித்து, "இந்தக் கிழமை உம்மட முறை. மூலையையும் துடையும்," என்றார். என்ன திமிர் என்று அன்று முழுக்கப் பொருமினேன். துடைத்து முடித்தபோது சுடச்சுடக் கோப்பி ஊற்றி வைத்திருந்தார்.

அப்படிக் குடித்த கோப்பிகளில் ஒன்றின்போதுதான் அவரது தகப்பன் கதை வந்தது. அவர் இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனைவியின் வயிற்றில் லீசல் இருக்கும்போதே, ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று சண்டைபிடிக்கக் களவாக எல்லை கடந்தவர். பல நாடுகளிலிருந்தும் அப்படித் தாமாகப் போனவர்கள் இருந்தார்கள். இங்கே நாஜிப் பொலிஸ் விசாரித்தால் என்ன சொல்வது? 'மனுசன் வேறொருத்தியோடை ஓடிட்டான்' என்று தாய் ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். மகளிடமும் அதையேதான் சொன்னார்.

"கடிதம் வரும்வரைக்கும் நான் அந்த மனுசனைத் திட்டித்தான் வளர்ந்தனான்," என்றார் லீசல் அக்கா.

பல வருடம் கழித்து அந்தக் கடிதத்தை எழுதியவர், போரில் தகப்பனோடு நின்ற ஒரு பிரெஞ்சுக்காரர். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றைப் படகில் கடந்து ஒரு மொட்டை மலையைப் பிடிக்கப் போயிருக்கிறார்கள். பதுங்குகுழி வெட்ட மண் இல்லை, வெறும் பாறை. ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. எந்த இடத்தில் தட்டினால் பாறை பிளக்கும் என்று சுரங்கத்துக்காரர்தான் எல்லாருக்கும் கையால் காட்டினாராம். பிறகு குண்டுவீச்சு. அது ஓய்ந்து ஆட்களை எண்ணியபோது அவர் இல்லை. எந்த நாள் என்று எழுதியவருக்கு நினைவில்லை. கோடைக்காலம், அவ்வளவுதான்.

லீசல் அக்கா ஒருமுறை அந்த மலைக்குப் போய்வந்தவர். "கல்லுக் கல்லாப் பாத்தன். பிளந்த கல்லெல்லாம் அவர் பிளந்த மாதிரித்தான் கிடந்தது. செத்த நாள் கூடத் தெரியாமல் ஆருக்குப் பூ வைக்கிறது?"

இந்தக் கதையைக் கேட்டுச் சில மாதத்தில் ஆடி அமாவாசை வந்தது. சுகந்தியின் தம்பி தன் தகப்பனுக்கு எங்கள் வீட்டில் விரதச் சோறு படைத்துக்கொண்டிருந்தான். படியில் ஈரம் என்று முறையிட வந்த லீசல் அக்கா, வந்த காரியத்தை மறந்து நின்றார். செத்த நாள் தெரியாதவர்களுக்கும் இந்த நாளில் செய்யலாம் என்று விளக்கினேன். "ஆனா எங்களிலை ஆம்பிளைப் பிள்ளையள்தான் விரதம் இருக்கிறது," என்றும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

"அவருக்கு நான் ஒருத்திதான். என்ன செய்யச் சொல்லுறீர்?"

அடுத்த ஆண்டிலிருந்து அவரும் மத்தியானம்வரை பட்டினி இருந்தார். யாழ்ப்பாணத்தாருக்குக் கடுங்கசப்பான காத்தோட்டிக்காய் இல்லாமல் அந்தச் சாப்பாடு சரிவராதே. தமிழ்க்கடையில் வாங்கிப் பொரித்துக் கொடுத்தோம். கடித்ததும் முகத்தைச் சுளித்தார். "உங்கட செத்த ஆக்கள் இதுக்குப் பயந்துதான் திரும்பி வாறேல்லைப் போலை." ஜன்னல் விளிம்பில் வைத்த சோற்றுக்குக் காகம் வராது, புறாதான் வரும். புறாவுக்குத் தீனி போடக்கூடாது என்று வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, அதுவும் அவரே ஒட்டியது! அந்த ஒருநாள் மட்டும் அவர் அதைப் பார்க்காத மாதிரி நடப்பார்.

அந்த நாளில் எப்போதும் இரண்டு தட்டு வைப்பார். இரண்டாவது தாய்க்கு என்று நினைத்திருந்தேன். போன வருடம்தான் கேட்டேன்.

"அது உம்மட அப்பாவுக்கு. நீர் வைக்கிறேல்லை. ஆராவது வைக்கவேணும்தானே."

என் அப்பா வன்னியில், கடைசிச் சண்டை நாட்களில், கஞ்சி வாங்க வரிசைக்குப் போனவர். இன்றுவரை திரும்பவில்லை. அம்மா இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிறார். அவர் பொட்டு வைக்கும்வரை நான் எப்படி விரதம் இருப்பது? "அவர் சாகேல்லை!" என்று கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

இரண்டு கிழமை பேச்சில்லை. என் முறை வந்து படி துடைக்கும்போது அவர் கதவு திறந்தது. "மூலை இன்னும் ஊத்தை," என்றார். சமாதானம் ஆகிவிட்டது. பிறகு படியிலேயே என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"என்ர அம்மா சாகுமட்டும் அவரின்ர கோட்டைக் கதவுக்குப் பின்னாலை கொழுவி வைச்சிருந்தவ. மனம் நோகும் எண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை. ஒருவேளை அவவும் நான் கேக்கட்டும் எண்டு இருந்தாவோ தெரியாது. நீர் உம்மட அம்மாவிட்டைக் கேட்டுப் பாரும்."

நான் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட, இந்த வருட ஆடி அமாவாசைக்கு ஆறு கிழமை இருக்க அவர் போய்விட்டார்.

வீட்டைக் காலிசெய்ய வந்த அவரது கணவர் வழி மருமகன், என் பெயர் எழுதி ஒட்டிய ஒரு தட்டை என்னிடம் தந்தான். நீல விளிம்பு, ஓரத்தில் சின்ன உடைவு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், படியின் மூலையைத் துடைக்கும் பழக்கமும்தான். இனி அந்தத் தட்டில் சோறு வைக்க என்னைவிட்டால் ஆள் இல்லை.

அன்றே ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா, இந்த ஆடி அமாவாசைக்கு நான் விரதம் இருக்கட்டோ?"

மறுமுனையில் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா கேட்டார்: "அங்கை காத்தோட்டிக்காய் எடுக்கலாமோ, தம்பி?"

"ஓம் அம்மா," என்றேன். "தட்டும் கிடக்கு."