தண்டவாளத்துக்கு அடியில் ஒரு மதகு

போன சனிக்கிழமை ஒரு மதகைத் தேடிப் போனேன். தண்ணீர் போகும் வழி தொலையுமா என்ன? தொலையும். மண் மூடி, பற்றை மூடி, கடைசியில் மறதியும் மூடிக்கொண்டால்...

ஓட்டமாவடிக்கு அப்பால், ரெயில் மேட்டை ஒட்டித்தான் பரமேஸ்வரி அக்காவின் வயல் வட்டை. மாரி வந்தால் வெள்ளம் மேட்டில் முட்டி வயலிலேயே நின்றுவிடும். பயிர் அழுகும் — ஒவ்வொரு வருஷமும். வந்து பார்த்த ரெயில்வே அதிகாரிகளோ, இங்கே மதகே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார்கள். இருந்ததைக் காட்டினால் திறந்து தருவார்களாம். மாரிக்கு முன் காட்ட வேண்டும்.

நண்பர் நிசார் சேவையர், நிலம் அளப்பவர். பழைய படம் என்றால் சோற்றை மறக்கும் மனுசன். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படமொன்றை விரித்தார். கறுப்புக் கோடாக ரெயில் பாதை, அதில் இன்றும் நிற்கும் இரும்புப் பாலம். நீலக் கீறலாக, இன்று வயலாகிப்போன ஓர் ஓடை. இரண்டும் வெட்டும் இடத்தில், எறும்புக் கால்போல இரு கீறு — மதகு!

பக்கத்திலேயே ஒரு மைல்கல். அதே இலக்கமுள்ள கல், அக்காவின் கிணற்றடியில் நின்றது. வேறென்ன வேண்டும்? அதிலிருந்து அளந்தோம். நாடாவின் மறுமுனை என் கையில். தோண்டினோம். மண். இன்னும் தோண்டினோம். மண்தான்.

பிளேன்டீ கொண்டுவந்த அக்கா, எங்கிருந்து அளந்தீர்கள் என்று கேட்டா. நிசார் கல்லைக் காட்டினார்.

அக்கா புருஷனைப் பார்த்தா. அவர் வானத்தைப் பார்த்தார்.

"அது உடுப்புத் தோய்க்க இவர் உருட்டிக்கொண்டு வந்த கல்லுதானே தம்பி."

சண்டையால் ரெயில் ஓடாத காலத்தில், சும்மா கிடக்கிறதே என்று கொண்டுவந்தாராம். எங்கே கிடந்தது? ஞாபகமில்லையாம்.

படம் கீறியவன் பாவம், வைத்த கல் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பியிருக்கிறான். இந்தப் பக்கத்தில் எதுதான் அப்படி இருந்தது? சனம் ஓடியது, ஊர் ஓடியது... ரெயில் மட்டும் ஓடாமல் நின்றது.

"அந்த இரும்புப் பாலத்தில இருந்து அளங்க," என்றா அக்கா. "அதத் தூக்கிட்டு வர இவரால ஏலாது."

அளந்தோம். இந்த முறை மண்வெட்டி 'டங்' என்றது. செங்கல் வளைவு! அக்காவின் புருஷன் குழிக்குள் இறங்கி, கையாலேயே மண்ணை வாரினார்.

இந்த வாரம் அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். பார்த்தார்கள், தொட்டார்கள், மறுக்கவில்லை. மாரிக்கு முன் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா விதைநெல் எடுத்து வைத்துவிட்டா.

நிசார் புதுப் படம் கீறுகிறார். படத்தைப் பார்த்துக் கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிடலாமே என்றார். "மறுகா நான் எங்க தோய்க்கிற?" என்று கேட்டா அக்கா.

ஆகவே புதுப் படத்தில், கிணற்றடியில் ஒரு புள்ளி: 'தோய்க்கிற கல். இதிலிருந்து அளக்க வேண்டாம்.'