வெந்நீரம்மாவும் ஆறாம் கட்டில் பல்செட்டும்

அந்த முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு வெந்நீரம்மா என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று தெரியாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். தட்டு, டம்ளர், சீப்பு, எது கையில் கிடைத்தாலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முக்கி எடுத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். கைக்குழந்தையை வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு பச்சைத்தண்ணீரை அவள் நம்பியதில்லை.

எட்டுப் பேருடைய பல்செட்டைக் கழுவுவதும் அவள் வேலைதான். தனித்தனி டப்பா, மூடியில் கட்டில் எண். மெத்தென்ற பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆறாம் கட்டில்காரருக்கு இருமல் வந்த அன்று, கிருமி சாகட்டுமென்று அவர் பல்செட்டின் மேல் கெட்டிலைக் கவிழ்த்துவிட்டாள்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அறைக்குள் யார் நுழைந்தாலும், படியில் நிற்காமல் உள்ளே தள்ளிப் போகச் சொல்வார். இருமல் நின்றது, கூடவே சாப்பாடும் நின்றது. இரண்டு வாய் கஞ்சித்தண்ணீரோடு பசியில்லை என்பார். மகள் வரும்போது மட்டும் பல்லை மாட்டிக்கொள்வார். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டார். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் என்றார். அம்மா போனதிலிருந்தே அப்பாவுக்கு மனசு விட்டுப்போச்சு என்று மகள் வராந்தாவில் நின்று அழுதாள்.

சனிக்கிழமை காலை வெந்நீரம்மா அந்தப் பல்செட்டைக் கையில் எடுத்தபோது உட்புறத்தில் லேசாக ரத்தக்கறை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அவர் வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். ஈறில் விரல்நுனி அளவுக்குப் புண். கொதிநீர் பட்டால் பல்செட் கோணிக்கொள்ளும் என்று பல் டாக்டர் எச்சரித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எப்பலேர்ந்து வலிக்குதுங்கய்யா?"

"இருமல் வந்துச்சே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீ கெட்டிலக் கவுத்தத நான் பாத்துட்டுத்தாம்மா இருந்தேன். சொன்னா உன்னப் பாதி வழியில எறக்கி விட்டுடுவாங்க. உனக்கு வேற போக்கிடம் இருக்கா?"

அவள் டார்ச்சை அணைத்தாள். நேரே மேலாளர் அறைக்குப் போய், உட்காராமல், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேலாளர் பல் டாக்டருக்குப் போன் செய்தார். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பல்செட் வேலை கைமாறியது.

புண்ணுக்கு மருந்து, ஆறியதும் புது செட்டுக்கு அளவு, அதுவரை பல் கூடாது என்றார் பல் டாக்டர். குழாய் போடுவதைத் தள்ளிவைத்தார்கள்.

திங்கட்கிழமை மதியம், மகள் முன்னால் முதல்முறையாகப் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தார் கண்டக்டர். கை அடிக்கடி வாயை மூடப் போனது. மகள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வெந்நீரம்மா மசித்த உருளைக்கிழங்கை ஒரு துளி எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். ஆறட்டும் என்று காத்திருந்தாள்.

"இன்னும் கொதிக்குதா?" என்றார்.

"இல்லங்கய்யா. வெதுவெதுப்பாத்தான் இருக்கு."

அவர் வாயைத் திறந்தார்.