ஞானையன் இழுத்த லைன்

உல்லாசக் கப்பலில் சமையல்காரனாக இருந்த காலமெல்லாம் பெனின் தன் வீட்டு அடுப்பைத் தொட்டதில்லை. விடுமுறைக்கு வந்தால் மனைவி பிரிஜா வைத்ததைச் சாப்பிடுவான், உப்பு கூடினாலும் வாய் திறக்க மாட்டான். ஊரில் அவன் சமையல்காரன் என்பது பலருக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தது. 2004-ல் வெங்காயம் உரிக்கும் ஆளாகக் கப்பலேறியவன், மெல்ல மெல்ல இறைச்சிப் பகுதிக்கு வந்து, எட்டாவது வருடம் மூட்டு தேய்ந்து ஊருக்குத் திரும்பினான். கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் சொந்த வீடு, கொஞ்சம் ரப்பர், நிறைய நேரம். அந்த நேரம்தான் அவனை அடுக்களைக்குள் தள்ளியது.

கப்பலில் பார்த்த ஒரு சமையல் முறை அவன் மனதை விட்டுப் போகவில்லை. இறைச்சியை உப்பும் மிளகும் தடவிப் பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி மூடி, கை பொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரில் முக்கி வைப்பார்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. முட்டைக்கு ஒரு மணி நேரம், மீனுக்கு அதைவிடக் குறைவு, முற்றிய மாட்டிறைச்சிக்கு ஒரு பகலும் ஒரு இரவும். எடுத்தால் சாறு ஒரு சொட்டுப் போயிருக்காது, கரண்டியால் அறுக்கலாம். அதற்குரிய கருவி கப்பலில் மேசை அகலத்துக்கு இருந்தது. வீட்டில் என்ன செய்வது என்று அவன் கேட்டது பக்கத்து வீட்டு ஞானையனிடம்.

ஞானையன் வயரிங் வேலை பார்ப்பவர். அறுபது தாண்டியவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு, பெனின் வீட்டுக்கும், லைன் இழுத்தது அவர்தான். பெனின் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் பொருத்தும் சாதனம் ஒன்று அங்கே இருந்தது. தண்ணீருக்குள் ஒரு கம்பியை விட்டால், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும், இறங்கியதும் விடும். அதைப் பழைய ரைஸ் குக்கரோடு இணைத்து ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார், கூலி வாங்கவில்லை. சிக்கல் கரண்டில்தான் இருந்தது. அந்த வருடம் அது வருவதும் போவதுமாக இருந்தது. எனவே பெனின் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து அடுக்களைக்கு ஒரு தனி லைன் இழுத்து, அதில் குக்கருக்கென்று ஒரு பிளக் வைத்தார்.

“இது ஓடும்போ இன்வெர்ட்டருல வேற பெருசா ஒண்ணும் குத்தப்பிடாது, கேட்டியா? ரெண்டும் சேந்து இழுத்தா ஆஃப் ஆயிரும்” என்றார்.

முதலில் முட்டை வைத்தான். வெள்ளை தளதளவென்று ஆடியது, மஞ்சள் களிம்பு போல இருந்தது. பிரிஜா ஒரு வாய் தின்றுவிட்டு, காய்ச்சக்காரனுக்குக் கொடுப்பது போல இருக்கிறது என்றாள். அடுத்து குளச்சலிலிருந்து வந்த நெய்மீன். அது நன்றாக வந்தது, ஆனால் அவளுடைய குறை வேறு. வீட்டில் கறி வெந்தால் தெருமுனை வரை வாசம் போக வேண்டும். இது பைக்குள்ளேயே வெந்து பைக்குள்ளேயே கிடக்கிறது. வாசமில்லாத கறியை யார் கறி என்பார்கள்?

ஞானையன் மட்டும் தினமும் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். அவருக்கு ஒரு தேவை இருந்தது. பல் முழுக்கப் போய்விட்டது. கட்டிய பல்செட் கீழ்வரிசையில் நிற்காது. மாட்டிறைச்சி என்றால் உயிர், ஆனால் சில வருடங்களாகச் சாறு மட்டும் ஊற்றிச் சோறு தின்கிறார். தீயில்லாத அடுப்பில் எலும்புப் பக்கத்து இறைச்சி நாக்கால் அமுக்கினால் கரையும் என்று பெனின் சொல்லியிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை அதைப் பையில் போட்டு முக்கினான். ஞாயிறு மதியத்துக்கு ஞானையனும் அவர் மனைவி ஞானசெல்வியும் வருவதாக ஏற்பாடு. சனி சாயங்காலம் அவர் வந்து, தண்ணீருக்குள் கிடந்த பையைக் கரண்டிக் காம்பால் அமுக்கிப் பார்த்தார்.

“இப்பமே கொஞ்சம் கொடுத்துப் பாருலே” என்றார். பொறுக்கச் சொல்லி பெனின் சிரித்தான்.

ஞாயிறு விடியற்காலை சர்ச் பூசைக்குக் கிளம்பச் சட்டையை எடுத்த ஞானையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் அடக்கம் முடியும்வரை அடுப்பு எரியாது. யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பிரிஜா கேஸ் குமிழைத் திருகி மூடினாள். ஆப்பத்துக்கு வைத்திருந்த மாவை ஃபிரிட்ஜுக்குள் தள்ளினாள். சேலையை மாற்றிக்கொண்டு புறப்படும்போது, அதையும் அணைத்தாச்சா என்று பெனினிடம் கேட்டாள்.

ஆச்சு என்றான். அணைக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவன் பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் கிடைத்தது, எதுவும் நிற்கவில்லை. இதில் தீ இல்லை, புகை இல்லை, இது அடுப்பே இல்லை என்பது ஒன்று. அவருக்கென்று வைத்ததைப் பாதியில் எப்படி நிறுத்துவது என்பது இன்னொன்று. அது கேட்க நன்றாக இருந்தது, ஆனால் பொய். உண்மை சின்னது. ஒரு பகலும் இரவும் ஆகிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை.

மகன் அனிஷ் மஸ்கட்டிலிருந்து வரவேண்டும், மறுநாள்தான் அடக்கம். ஐஸ் பெட்டி கொண்டுவந்து ஞானையனை அதில் கிடத்தினார்கள். ஜெனரேட்டர் தரவேண்டியவர் மைக்செட் இஞ்ஞாசி. அவருடைய ஜெனரேட்டர் இரணியலில் ஒரு கல்யாண வீட்டில் நின்றது, சாயங்காலம்தான் வரும் என்றார். மதியம் கரண்ட் போயிற்று. எல்லோரும் பெனினைத்தான் பார்த்தார்கள். தெருவில் பெரிய இன்வெர்ட்டர் அவன் வீட்டில்தான். இஞ்ஞாசி மதிலுக்கு மேலே வயர் கொண்டுவந்து அவன் வீட்டு முன்னறை பிளக்கில் குத்தினார். பெனின் பக்கத்தில் நின்றான். அடுக்களையை நினைத்தான். குக்கர் எப்போதும் இழுப்பதில்லை, விட்டு விட்டுத்தான் இழுக்கும், ஐஸ் பெட்டியும் அப்படித்தான், இரண்டும் ஒன்றாக இழுக்காது என்று கணக்குப் போட்டான். உள்ளே போய் அந்த பிளக்கைப் பிடுங்க பத்து எட்டு வைத்தால் போதும். பிரிஜா கண்ணெதிரில், பெண்கள் நடுவில் நின்றாள். அணைத்துவிட்டேன் என்று சொன்னதை எப்படி இப்போது போய் அணைப்பது?

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றது. ஐஸ் பெட்டியின் உறுமல் அடங்கியது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் பனி மெல்ல இளகி நீர் வரிவரியாக இறங்கியது. இஞ்ஞாசி வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

“ஞானையன் போட்ட கனெக்சன் ஞானையனுக்கே நிக்கல்ல, பாத்தியளா.”

நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். விடிந்ததிலிருந்து அழுத கண் அது. இப்போது அதில் இருந்தது அழுகை இல்லை. நாற்பது வருடம் அந்த மனிதர் தோளில் வயர் சுருளோடு ஏறி இறங்கிய வீடுகளை அவளுக்குத் தெரியும். ஒரு வாய்ச் சொல்லில் அதெல்லாம் கீழே விழுந்ததை அவள் பார்த்தாள் என்று பெனினுக்குத் தோன்றியது.

அவன் வீட்டுக்குள் போனான். குக்கர் பிளக்கைப் பிடுங்கினான், இன்வெர்ட்டரை அணைத்து மறுபடி போட்டான். அதே நேரத்தில் வெளியே இஞ்ஞாசி வயரை முறுக்கி டேப் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்டி உறுமத் தொடங்கியதும், லூஸ் கனெக்சனாக்கும், இப்போ சரியாயிற்று என்றார். பெனின் வாசலில் நின்று அதைக் கேட்டான். அப்போது ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சாவு வீட்டில் இதைப் போய்ப் பேசுவதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் அனிஷ் வந்து சேர்ந்ததும் அடக்கம் முடிந்தது. குழிக்கு மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதுகூட முன்னால் போன இரண்டு பேர் அந்த வயர் கதையைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். சீனியாபுரத்தில் ஒரு வீட்டில் ஃபேன் நின்றது, அதுவும் இவர் வேலைதான் என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். பெனின் நடையை மெதுவாக்கினான்.

அடக்கத்துக்கு அடுத்த நாள் காலை அனிஷ் பெனின் வீட்டுக்கு வந்தான். மஸ்கட்டில் அவனும் வயரிங் வேலைதான். தோளில் அப்பாவின் துணிப்பை, அதற்குள் டெஸ்டரும் திருப்புளியும்.

“அப்பா போட்ட லைனை ஒண்ணு பாக்கணும் சித்தப்பா. ஆளுக ஒருமாதிரிப் பேசுதானுவ. அம்மை தூங்கல்ல.”

பெனின் வழிவிட்டான். அனிஷ் போர்டைக் கழற்றினான். ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் தனியாக ஒரு வயர் போவதைக் கண்டு, இது எதற்கு என்று கேட்டான். கேட்டபடியே சுவரோடு அதைத் தொடர்ந்து அடுக்களைக்குப் போனான். அங்கே மரப்பெட்டி இருந்தது, குக்கர் இருந்தது. மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பை ஊதிப் போயிருந்தது, ஓரம் பிரிந்திருந்தது. இரண்டு நாளாக அதைத் திறக்க பெனினுக்குத் துணிவு வரவில்லை. வாசமே இல்லாத சமையல் என்று பிரிஜா குறை சொன்னது இப்போது வீடு முழுக்க நாறியது. முற்றத்திலிருந்து அவள் ஓடிவந்தாள். பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“லைனுல ஒரு குத்தமும் இல்ல அனிஷே. ரெண்டும் சேந்து இழுத்தா ஆஃப் ஆவும்னு அண்ணன் எனக்க கிட்ட சொல்லித் தந்தேரு. நான்தான் அணைக்கல்ல” என்றான் பெனின்.

அனிஷ் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பெனின் அந்தப் பையைத் தோட்டத்துத் தென்னையடியில் குழிதோண்டிப் புதைத்தான். மூட்டு வலியில் இடையிடையே மண்வெட்டியை ஊன்றி நின்றான். பிரிஜா கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கும் ஒரு அடக்கமா?” என்றாள். அன்று அவனோடு அவள் பேசியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஞானசெல்வியிடம் போய்ச் சொன்னான். பனி இறங்கியது, அவன் பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாயில் உட்கார்ந்து கேட்டாள். சனிக்கிழமை ராத்திரி அவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நாளைக்கு இது வேண்டாம் என்று சொல்லிச் சிரித்ததாகச் சொன்னாள். 

“எனக்க கிட்ட சொன்னா போராது தம்பி” என்றாள் கடைசியில். “பேச்சு வெளிய போச்சு.”

ஏழாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு பந்தலில் சோறு போட்டார்கள். இஞ்ஞாசி நடுவரிசையில் இருந்தார். பெனினுக்கு எதிர் இலை. இலையில் சோறு விழுந்த பிறகு அவன் எழுந்து நின்றான். கப்பலில் முந்நூறு பேருக்கு இறைச்சி அறுத்தவன் முப்பது பேர் முன்னால் பேசப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். அன்று இன்வெர்ட்டர் நின்றது ஞானையண்ணன் வேலையால் இல்லை, என் அடுக்களையில் அவருக்கென்று வைத்த இறைச்சி வெந்துகொண்டிருந்தது, அணைத்தேன் என்று பொய் சொன்னேன், அதனால்தான் என்று சொன்னான்.

 இஞ்ஞாசி சோற்றில் குழி பறித்துக்கொண்டே,

“செத்தவனுக்குக் கறி வைக்கணும்னு செத்தவனுக்க கரண்டைத் தின்னிருக்கீரு, என்னவோய்” என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வாசற்படியில் கறிச்சட்டியோடு வந்த ஞானசெல்வி அங்கேயே நின்றாள்.

“இஞ்ஞாசி, லைன் நல்லாத்தானே இருந்து?”

அவர் அண்ணாந்து பார்த்தார்.  எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“நல்ல லைனாக்கும் மைனி.”

அவள் தலையசைத்துவிட்டு வரிசையில் ஒவ்வொரு இலையாகக் கறி ஊற்றிக்கொண்டு வந்தாள். பெனின் இலையிலும் ஊற்றினாள், மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு, முகத்தைப் பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்தான். மாட்டிறைச்சி. விறகடுப்பில் வெந்தது. தேங்காய் வறுத்த வாசம் பந்தல் தாண்டித் தெருவுக்குப் போனது. துண்டு கொஞ்சம் முற்றலாக இருந்தது. அவன் அதை நெடுநேரம் மென்றான்.