கறுவாவும் வெறும் வேகன்களும்

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு என் கைபேசி அலறியது. திரையில் 2.9 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. என் மகளின் இரத்தத்தில் அந்த நேரத்தில் இருந்த சர்க்கரையின் அளவு அது. அவளுடைய மேற்கையில் ஒட்டியிருக்கும் சென்சர் அதை அளந்து அவளுடைய போனுக்கு அனுப்பும். அங்கிருந்து, வடக்கே அவள் படிக்கும் நகரத்திலிருந்து, குட்மேய்ஸில் இருக்கும் என் போனுக்கு வரும். நாலுக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே என்றால் ஆபத்து. நான் அவளுக்குப் பதினொரு தடவை போன் எடுத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. பிறகு அவளுடைய மாணவர் விடுதிக்கு எடுத்து, கதவைத் திறந்து பாருங்கள் என்று கத்தினேன்.

திறந்தார்கள். அவள் இடது கையின் மேல் சரிந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சென்சர் உள்ள கையை நசுக்கிக்கொண்டு படுத்தால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். இது எனக்குத் தெரியும். சென்சரோடு வந்த சிறு புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மாற்றுச் சாவியோடு வந்த இரண்டு பேர் கட்டிலருகே நிற்க, வாசலில் பக்கத்து அறைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க, என் மகள் கண் விழித்திருக்கிறாள்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாள். கோபம் வந்தால் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்றைக்குத் தமிழில் மெதுவாகப் பேசினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அப்பா, நம்பரை நிப்பாட்டுறன். ஞாயிற்றுக்கிழமையில நான் எடுப்பன். நீங்கள் எடுக்கவேண்டாம். கொஞ்ச நாளைக்கு இங்க வரவும் வேண்டாம்.”

“பிள்ளை, நான்—”

“எனக்கு வெக்கமா இருக்கு அப்பா.”

அன்று மாலையே என் திரையில் அவளுடைய எண் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கோடு வந்தது.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய நவம்பரில் அவளுக்கு வயிற்றுக் காய்ச்சல் வந்தது. சாப்பிடவில்லையே என்று இன்சுலினையும் போடாமல் விட்டாள். பதினொரு வயதிலிருந்து ஊசி போடுகிற பிள்ளை செய்யக்கூடாத தவறு, ஆனால் செய்தாள். அடுத்த நாள் மயங்கிக் கிடந்தாள். பக்கத்து அறைத் தோழி கதவைத் தட்டியிருக்காவிட்டால்? இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மயங்குவதற்கு முதல்நாள் மாலை நான் அவளோடு பேசியிருந்தேன். “ஓம் அப்பா, நல்லா இருக்கிறன்” என்றாள். அந்தக் குரலில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவளுடைய குரலை நம்புவதில்லை. எண்ணைத்தான் நம்பினேன்.

அவளுடைய அம்மாவும் நானும் பிரிந்து ஆறு வருடம். அவர் வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறார். எண் நின்றுபோன செய்தியைச் சொல்ல எடுத்தேன்.

“எனக்கும் நம்பரை அனுப்பு எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்ல” என்றார். “அதாலதான் என்னோட கதைக்கிறாள்.”

போனை வைத்துவிட்டுச் சாம்பல் கோட்டை இன்னொருமுறை பார்த்தேன்.

அடுத்த வாரம், பழைய சாமான் விற்கும் ஒரு சாரிட்டி கடையில் ஒரு சப்பாத்துப் பெட்டியை வாங்கினேன். உள்ளே ஒரு சிறிய எஞ்சின், பொருத்தப்படாத ஆறு சரக்கு வேகன்கள், ஒரு படப் புத்தகம். அயர்லாந்தில் ஒரு காலத்தில் மூன்றடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சின்ன ரயில்களின் மாதிரி. நிஜத்தில் ஓரடி என்பது இங்கே நாலு மில்லிமீற்றர். தண்டவாளங்களுக்கு நடுவே பன்னிரண்டு மில்லிமீற்றர். என் சுண்டுவிரலின் அகலம். நான் கவுன்சிலில் கட்டட அனுமதிக் கோப்புகள் பார்க்கிறவன். அளவு வாசிக்கத் தெரியும். கையால் எதுவும் செய்ததில்லை.

பெட்டியில் பயணிகள் வண்டி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் வாங்கினேன் என்று நினைக்கிறேன். மா மூட்டைக்கு மயக்கம் வராது. புத்தகத்தை இரண்டு வாரம் படித்தேன். மேற்குக் கரையிலிருந்து மீனும் முட்டையும் வெண்ணெயும் போயிருக்கின்றன. திரும்பும்போது மாவும் சோளமும் தேயிலையும் வந்திருக்கின்றன. சந்தை நாளில் மாடுகள். இவற்றோடு டர்ஃப் என்ற ஒன்று. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் போல வெட்டி, காயவைத்து, அடுப்பில் எரிப்பார்கள். அதை ஏற்ற, பக்கம் உயர்ந்த சட்டம் போட்ட வேகன்கள். என் பெட்டியில் இருந்த ஆறும் அவைதான்.

நாலு பேர் இருந்து சாப்பிடுகிற மேசை எங்களுடையது. அதன் மேல் பலகை போட்டுத் தண்டவாளம் பதித்தேன். ஒரு முனையில் சதுப்பு நிலம், மறுமுனையில் துறைமுகம். சாப்பாட்டைச் சமையலறையில் நின்றபடி முடித்துக்கொண்டேன்.

டர்ஃபுக்கு முதலில் தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் போட்டேன். ஒரு கிழமையில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. பிறகுதான் கறுவாப்பட்டை. சவரப் பிளேட்டால் நாலு மில்லிமீற்றராக நறுக்கினால் அது டர்ஃபேதான். நிறமும் நாரும் அப்படியே இருக்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும், நான் தம்பி என்று கூப்பிடுகிற ஒருவர், ஜெர்மனியில் பதினாலு வருடம் இருந்துவிட்டு வந்தவர், மூன்றாவது பைக்கற்றை நான் நீட்டியபோது பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணை, ஒவ்வொரு நாளும் புரியாணியே?”

“கறிக்கில்லைத் தம்பி. றெயிலுக்கு.”

“றெயிலுக்கோ?”

விளக்கினேன். கேட்டுவிட்டு, வரிசையில் நின்ற ஒரு அம்மாவையும் சாட்சிக்கு அழைத்தார். “அக்கா, கேட்டனீங்களே? ஐரிஷ்காரன்ர மண்ணை ஏத்த இவர் எங்கட கறுவாவை வாங்குறார். அண்ணை, மண் எண்டா என்ர கார்டனில கிடக்கு. சும்மா தாறன், அள்ளிக்கொண்டு போங்கோ.”

அந்தத் தம்பியால்தான் என் மகளுக்குச் சாப்பாடு போகத் தொடங்கியது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில், அவருடைய வான் மகள் படிக்கும் நகரத்திலுள்ள ஒரு தமிழ்க் கடைக்குச் சாமான் கொண்டுபோகும். நான் சமைத்து, ஐஸ்கிறீம் பெட்டிகளில் உறையவைத்து, மூடியில் மாச்சத்து எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் அவள் ஊசியின் அளவைக் கணிக்க வேண்டும். அவள் அந்தக் கடைக்குப் போய் எடுப்பாள். கழுவிய வெறும் பெட்டிகளை அங்கே வைப்பாள். அடுத்த வானில் அவை என்னிடம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இரண்டு நிமிடம்.

“சாப்பிட்டியே?”

“ஓம் அப்பா.”

“ஊசி?”

“ஓம் அப்பா.”

“நல்லா இருக்கிறியே?”

“ஓம் அப்பா.”

அந்த மூன்று ஓமையும்விட வெறும் பெட்டிகள் எனக்குக் கூடுதலாகச் சொல்லின. மூன்று போனது, மூன்று வந்தது. சாப்பிட்டிருக்கிறாள். மூடியை முகர்ந்தும் பார்ப்பேன். வெட்கக்கேடுதான்.

ஏப்ரலில், மனோர் பார்க் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் கூடும் நாளுக்கு என் பலகையையும் கொண்டுபோனேன். ஆறு வேகனும் கறுவாவோடு சதுப்பு நிலத்திலிருந்து துறைமுகத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. அயர்லாந்தின் டொனெகலில் பிறந்தவர் என்று சொன்ன ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வெகுநேரம் நின்றார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

“உங்கள் துறைமுகத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரிவதில்லையா?”

எனக்குப் புரியவில்லை.

“இல்லை, ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன். டர்ஃப் போகிறது, அதே டர்ஃப் திரும்பி வருகிறது. ஒருவரும் இறக்கவில்லை. பாவம், குளிரில் கிடக்கிறார்கள்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேகனை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு துண்டும் விழவில்லை. சிந்திவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் பசை ஊற்றி ஒட்டியிருந்தேன்.

“வெறுமையாகத் திரும்பினால்தான் கொண்டுபோனது சேர்ந்தது என்று அர்த்தம்” என்றார் அவர். கோப்பையை என் துறைமுகத்தில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து வேகன்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். வீடு முழுக்கக் கறுவா மணத்தது. கறுவாச் சுமைகளை அட்டைத் துண்டுகளில் ஒட்டித் தனியாகச் செய்தேன். தூக்கி எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். ஆனால் வெறும் வேகன்கள் பாரமில்லாமல் வளைவில் தடம் புரண்டன. அடியில் ஈயத் துண்டுகள் ஒட்டினேன். அதற்குப் பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அயல்வீட்டார் கறி கொண்டுவந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். கொஞ்சம் சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். மகளையும் அப்படித்தான் பழக்கினேன். ஆகவே துறைமுகத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு வேகனிலும் ஒரு அரிசி போட்டேன். எந்த அயர்லாந்துக்காரரும் செய்யாத வேலை.

மே மாதத்தில் ஒரு வியாழன், வேலை முடிந்து கடைக்குப் போனேன். தம்பி என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“பெட்டி ஒண்டும் வரேல்லை அண்ணை. போனமுறை அனுப்பின சாப்பாடும் அங்க பிரீசரிலயே கிடக்குதாம். பிள்ளை வரவேயில்லையாம்.”

“ஒருக்காலும்?”

“ஓமாம். ஒருக்கா போன் அடிச்சுக் கேளுங்கோவன்.”

“அடிக்க ஏலாது தம்பி.”

“ஏன் ஏலாது? நீங்கள் தகப்பன்தானே?”

வீட்டுக்கு நடந்து வந்தேன். இரண்டு கிழமை அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனால் முந்தைய ஞாயிறு மூன்று ஓம் சொன்னாள். நவம்பரிலும் சொன்னாள். விடுதியின் எண் என் போனில் இருந்தது. மேசைக்கு முன்னால் நின்று அதை எடுத்து வைத்தேன். விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தினால் இன்னும் ஐந்து நிமிடத்தில் எனக்கு உண்மை தெரிந்துவிடும். அந்தக் கதவு இரண்டாம் தடவை திறக்கும். அதற்குப் பிறகு ஞாயிறும் இருக்காது.

அழுத்தவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டேன். ஏற்றினேன், இறக்கினேன். சனிக்கிழமை சமைத்தேன். சமைப்பதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் போலிருந்தது.

ஞாயிறு அவள் எடுத்தாள். மூன்று ஓம். பெட்டிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு, முதல்நாள் சமைத்த பெட்டிகளின் மூடியில் மாச்சத்தை எழுதினேன்.

அடுத்த வான் வரும்வரை பதினொரு நாள். கோப்புகளில் கையெழுத்துப் போட்டேன். என்ன போட்டேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது.

அந்த வியாழன் தம்பி கடை வாசலிலேயே நின்றார். கையில் ஆறு பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாக. மேலே இருந்தது மட்டும் மூடியிருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ சத்தம் கேட்டது.

வீட்டில் வந்து திறந்தேன். சமையலறைக் காகிதத்தில் சுற்றிய இரண்டு வட்டங்கள். பழைய சென்சர்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிழமைதான் வேலை செய்யும்; பிறகு கழற்றிவிட்டுப் புதியது ஒட்டவேண்டும். கையில் குத்தாதபடி அடியை டேப் போட்டு மூடியிருந்தாள். மேலே மார்க்கரால், ஒட்டிய தேதியும் கழற்றிய தேதியும் எழுதியிருந்தாள். முதலாவது முடிந்த நாளிலேயே இரண்டாவது தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. நான் பச்சைப் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நின்ற அந்த மாலையும் அதற்குள் இருந்தது.

கூடவே ஒரு துண்டுக் காகிதம், ஆங்கிலத்தில். பரீட்சை என்பதால் கடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை, கன்டீனில் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: வெறும் பெட்டி அனுப்பக்கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

சர்க்கரை எண்ணை அவள் எனக்குத் திரும்பத் திறக்கவில்லை. இன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு கிழமை கழித்துத் தெரியும். இந்த ஏற்பாட்டுக்கு நான் இன்னும் பழகவில்லை. பேருந்தில் யாருடைய போனாவது அலறினால் எழும்பி நிற்கிறேன்.

ஒரு சென்சரை டர்ஃப் வேகனில் ஏற்றிப் பார்த்தேன். சட்டத்துக்கு மேலே விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. துறைமுக மேடையில் இடித்து வண்டி நின்றுவிட்டது. எடுத்து ஒரு கோப்பைத் தட்டில் வைத்தேன். மேசையில், முன்பு நான் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது.

பெட்டிகள் வந்த மறுநாள் கறுவா வாங்கப் போனேன். தம்பியால் அறியாமல் இருக்க முடியவில்லை.

“அண்ணை, பெட்டிக்குள்ள பிள்ளை என்ன அனுப்பினவ?”

“முடிஞ்சுபோன சென்சர், தம்பி. ரெண்டு.”

“குப்பையே?”

“ஓம். குப்பை.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைக்கற்றைக் கையில் தந்தார்.

“அடுத்த வியாழன் எத்தினை பெட்டி?”

“மூண்டு” என்றேன்.