காளான் கஷாயமும் கடைவாய்ப் பல்லும்

லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால், திரைச்சீலை தைக்கும் அந்தம்மாவின் வீட்டுக்காரரைப் பார்த்தால் போதும். வேலையில் இருந்தவரை லிஃப்டை ஏற்றி இறக்கினார். ஓய்வு பெற்றதும் ஊராரின் ஆயுளை ஏற்றி இறக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் வெந்நீரை வாய்க்குள் வைத்து எண்ணிக் கொப்பளிப்பது என்றார். பிறகு பின்னோக்கி நடப்பது என்றார். மாடிப்படியில் பின்னால் நடந்து கீழ்வீட்டுக் கதவில் போய் மோதி, அந்த வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் அது ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் காளான்.

அந்தம்மாவுக்கு முன்னறைதான் தொழிற்கூடம். ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரம் துணிச் சுருள்கள், தரையெங்கும் நூல் துணுக்குகள். மடிப்பு வைக்கும்போது வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொள்வார். அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் பேச வருவார். பதில் சொல்ல முடியாத ஆளிடம் பேசுவதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். அந்தம்மா புருவத்தை மட்டும் உயர்த்துவார். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அந்தப் புருவத்துக்குத் தனி அகராதியே உண்டு.

"இது சாதாரணக் காளான்னு நினைச்சியா? ரெய்ஷி! அந்தக் காலத்துல ராஜாவுக்கு மட்டும்தான் கிடைக்கும். அரண்மனை வைத்தியருங்க மணிக்கணக்கா கொதிக்க வச்சு கஷாயமா குடுப்பாங்க. குடிச்சவனுக்கு நரை கிடையாது, சோர்வு கிடையாது, சாவே கிடையாதுன்னு சொல்லுவாங்க."

அந்தம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். "அப்போ அந்த ராஜாங்கள்லாம் இப்போ எந்தத் தெருவுல இருக்காங்க?"

அவர் கையில் இருந்ததைப் பார்த்தால் காளான் என்றே சொல்ல முடியாது. விசிறி மாதிரி விரிந்து, செம்பழுப்பு நிறத்தில், வார்னிஷ் அடித்த நாற்காலிக் கை போல மினுங்கியது. மரக்கட்டைபோல் கெட்டி. பட்டுப்போன மரத்தில் முளைப்பதாம். இந்தக் கட்டையைச் சீவ வீட்டில் எதுவும் கிடைக்காமல், அந்தம்மா உயிராக வைத்திருந்த துணி வெட்டும் கத்தரியை எடுத்து அறுத்திருக்கிறார் மனிதர். மறுநாள் சாட்டின் துணியில் கத்தரி வைத்ததும் நாய் கடித்த மாதிரி பிசிறடித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த பேச்சு மூன்று மாடிக்கும் கேட்டது.

கஷாயம் கரியைக் கரைத்த நிறத்தில் இருக்கும். கசப்போ நாக்கு மரத்துப்போகும் கசப்பு. கசந்ததால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. படிக்கட்டில் நின்று அவர் அளந்து விடுவதைக் கேட்க ஒரு கூட்டம் சேர்ந்தது. சர்க்கரை நோய்க்காரரான தெருமுனைச் சலூன்காரர்தான் அதில் முதல் ஆள். தூக்கம் வராதவருக்கும் காளான், மூட்டு வலிக்காரருக்கும் காளான், மருமகள் எதிர்த்துப் பேசினால்கூடக் காளானில் வழி இருக்கும் என்று சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. காளான் டாக்டர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மனிதர் அதைக் கேலி என்று புரிந்துகொள்ளாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இத்தனைக்கும் அந்த நெஞ்சுக்குள் ரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்தம்மா காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தொண்டைக்குள் இறங்கும்வரை எதிரில் நிற்பார். அதைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு டம்ளர் கஷாயத்தையும் ஊற்றிக்கொள்வார் காளான் டாக்டர்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

"அவருக்கு என்ன தெரியும்? அவரு படிச்ச புஸ்தகத்துல இது இருக்காது."

அப்படி இருக்கும்போதுதான் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, கன்னம் வீங்கிப்போனது. காளானை அரைத்து ஈறில் அப்பிப் பார்த்தார். வலி இன்னும் ஜோராக ஏறியது. கடைசியில் பல் டாக்டரிடம் போனார்கள். சின்ன வயசுப் பெண். ஸ்டென்ட் விஷயத்தையும் மாத்திரையையும் கேட்டுக்கொண்டு, இதய டாக்டரிடமும் போனில் பேசிவிட்டுத்தான் பல்லைப் பிடுங்கினார்.

பல் வந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார், நனைந்தது. மாற்றினார், அதுவும் நனைந்தது. அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "வேற எதுவும் சாப்பிடுறீங்களா, ஐயா? நாட்டு மருந்து, பொடி, கஷாயம்?"

படிக்கட்டில் வாய் ஓயாத மனிதர், இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்றாரு, டாக்டரம்மா. ரெய்ஷிக் காளான் கஷாயம். காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். ஊருக்கே வைத்தியம் பார்க்கிறாரு. இங்க வந்து பூனை மாதிரி உட்கார்ந்திருக்காரு."

டாக்டர் திட்டவில்லை. தையல் போட்டு, மருந்தில் நனைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பேசினார். "அந்தக் காளான ரொம்ப காலமா மருந்தா பயன்படுத்துறாங்க, அது நெஜம். எதிர்ப்புச் சக்திக்கு உதவுமான்னு ஆராய்ச்சியும் பண்றாங்க. ஆனா எந்த நோயையும் அது குணப்படுத்தும்னு யாரும் நிரூபிக்கல. உங்க மாத்திரையோட சேர்ந்தா ரத்தம் உறையிறது இன்னும் தாமதமாகலாம். உங்களுக்கு இது ஆகாது, ஐயா."

நல்ல வேளை, ரத்தம் நின்றது. ஆட்டோவில் திரும்பும்போது காளான் டாக்டரின் கன்னம் இன்னும் உப்பியிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அந்தம்மா கேட்டார். "சலூன்காரருக்கு என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

அவர் ஆட்டோக்காரருக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்தார்.

"சக்கரை மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்களா, இல்லையா?"

"நான் நிறுத்துன்னு சொல்லல. இதக் குடிச்சா அது தேவப்படாதுன்னுதான்..." பஞ்சுக்கு நடுவில் இருந்து சொற்கள் கொழகொழவென்று வந்தன.

"அடேயப்பா, என்ன வித்தியாசம்! நடங்க."

தெருமுனைச் சலூனில் கூட்டமில்லை. சலூன்காரர் சவரக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியைச் சுற்றி நடந்தபோது ஒரு காலை இழுத்து இழுத்து வைத்ததை அந்தம்மா கவனித்தார்.

"தம்பி, அந்தக் கஷாயத்த விட்டுடு. மாத்திரையப் போடு," என்றார் கணவர்.

சலூன்காரர் சிரித்தார். "என்னண்ணே, நீங்களே இப்படிப் பேசுறீங்க? எனக்கு உடம்பே லேசா இருக்கு. நாலு பேருக்கு வேற சொல்லி அனுப்பியிருக்கேன். சரக்கு குறைஞ்சுபோச்சா? உங்களுக்கு மட்டும் வச்சுக்கலாம்னு பார்க்கிறீங்களா?"

காளான் டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த வசனங்களே அவர் மூஞ்சியில் வந்து விழுந்தன. கசக்கக் கசக்க நல்லது, ராஜா குடித்தது, டாக்டருக்குத் தெரியாது. ஒன்றுவிடாமல் ஒப்பித்தார் சலூன்காரர்.

அந்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, அந்தச் செருப்பக் கழட்டுங்க."

"எதுக்குக்கா?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் துணி சுற்றியிருந்தது. பிரித்தால், விரல் நுனி கறுத்து, பக்கத்தில் சீழ். செருப்பு கடித்த புண்ணாம். வலியே இல்லையாம், அதுவும் காளானின் மகிமையாம்.

அன்று மாலையே சலூன்காரரின் மனைவியும் அந்தம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். சர்க்கரை எகிறி, காலில் உணர்ச்சியே மரத்துப்போயிருந்தது. காலைக் காப்பாற்றினார்கள். அந்த ஒரு விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

சலூன்காரரின் மனைவி, காளான் டாக்டரை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டது ஒரே கேள்வி. "உங்க மாத்திரைய நீங்க நிறுத்தினீங்களாண்ணே?"

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்தம்மா உதவிக்கு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தான்தான் என்று அந்தம்மாவுக்குத் தெரியும். தினமும் எதிரில் நின்று விழுங்க வைத்தவர் அவர்தானே. தன் வீட்டு ஆளை மட்டும் காத்துக்கொண்டு, படிக்கட்டில் நடந்ததை வேடிக்கை என்று விட்டுவிட்டோமே என்ற நினைப்பு குண்டூசி மாதிரி உள்ளே இறங்கியது. கணவர்மேல் இருந்த இளக்காரத்தில் கொஞ்சம் எடுத்துத் தனக்கும் வைத்துக்கொண்டார்.

சலூன்காரர் நிற்க முடியாமல் இருந்த நாட்களில் அவருடைய தம்பி வந்து கடையைப் பார்த்துக்கொண்டான். காளான் டாக்டர் தினமும் போய் முடியைக் கூட்டி அள்ளினார், துண்டுகளைத் துவைத்துப் போட்டார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்காக அந்தம்மா அவரை மெச்சிக்கொள்ளவும் இல்லை. ஒரு விரலுக்கு எத்தனை துண்டு துவைத்தால் சரியாகும்?

ஒரு நாள் சலூன் கதவுக்குத் தைத்த திரைச்சீலையை மாட்ட அந்தம்மா அங்கே போயிருந்தார். நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "நீங்கதானே அந்தக் காளான் டாக்டர்? மூட்டு வலிக்கு ஏதாவது சொல்லுங்களேன்."

துடைப்பம் நின்றது. மனிதரின் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. அந்தம்மா ஸ்டூலின் மேல் நின்றபடி, வாயில் கொக்கிகளோடு, திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டரப் பாருங்க."

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து "தெரியாது" என்று அந்தம்மா கேட்டது அன்றுதான். எத்தனை நாளைக்கோ என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கொக்கியை மாட்டினார்.