கேட்டைத் தாண்டாத வெனிலா

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கேட்டில், வாட்ச்மேன் அண்ணனின் குடைக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவே ஒரு சென்ட் பாட்டில் இருக்கிறது. குட்டையான சதுரக் கண்ணாடி, உள்ளே தேன் நிறத்தில் கால் பாகம் மிச்சம். அதன் கழுத்தில், தேயிலை மாதிரிப் பொட்டலங்களில் கட்டுகிற அட்டைச் சீட்டு ஒன்று தொங்குகிறது. தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட எங்கள் டீமேக்கர் மேடத்தின் சாய்ந்த கையெழுத்து: ‘கிளார்க்குடையது. உள்ளே கொண்டுவரக் கூடாது.’ அந்தக் கிளார்க் நான்தான்.

பாட்டில், கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வெனிலா வாசம். சில வருடங்களுக்கு முன்பு, ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அதை ஸ்வெட்டர் மேல் நான்கு முறை தாராளமாக அடித்துக்கொண்டு குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனேன். எனக்கு அது சின்ன வயதில் ஊட்டி மலர்க் காட்சியில் அப்பா வாங்கிக் கொடுத்த கப் ஐஸ்கிரீம். நாற்பத்தொன்பது வயதில் ஐஸ்கிரீமாக மணப்பது பதவி உயர்வு போலத்தான் இருந்தது. என் மனைவியோ முகர்ந்து பார்த்துவிட்டு, “புது பொம்மையைப் பெட்டியில இருந்து எடுத்தா வருமே, அந்த வாசமுங்க” என்றாள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் பையை இரண்டு தடவை எட்டிப் பார்த்து, “கேக்குங்களா? எந்த பேக்கரியில வாங்குனீங்க?” என்று விசாரித்தார். பையில் இருந்தது முட்டைக்கோஸ். முன் சீட்டு அம்மா தலைவலி என்று ஜன்னலைத் திறந்துவிட்டார். ஜனவரிக் குளிரில், வெலிங்டன் தாண்டும்போது ஜன்னலைத் திறக்க வைப்பதென்றால் அது லேசுப்பட்ட வாசம் இல்லை. ஒரே பாட்டில், ஒரே ஆள்தான். ஆளுக்கு ஒரு மூக்கு, மூக்குக்கு ஒரு ஞாபகம். எனக்கு மட்டும் அதற்குள் ஒன்றுமே தெரியவில்லை. பூசிக்கொண்டவன் மூக்குதான் முதலில் பழகிப்போகிறது. மணம் போய்விட்டது என்றே நம்பினேன்.

மேடத்துக்கு என் வயதுதான். எங்கள் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறைக்குள் கரண்டியோடு நின்ற முதல் பெண் அவர். அந்த அறையில் பூ கிடையாது, பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது; காலை உணவில் வெங்காயம்கூடக் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் அவர் தலையில் ஒரு மல்லிகை மொட்டைக்கூட நான் பார்த்ததில்லை. சொந்த மகளின் கல்யாணத்திலேயே, மறுநாள் காலை ருசி பார்க்கும் வேலை இருக்கிறதென்று வெறும் கொண்டையோடு நின்றவர் அவர். அந்தக் குளிர்காலத்தில், மேல் தோட்டத்தில் உறைபனி விழுந்த காலைகளில் பறித்த கொழுந்தை மட்டும் பிரித்து, தனியாக வாட்டி, தனியாக உருட்டி, கொஞ்சமே கொஞ்சம் தேயிலை செய்திருந்தார். நிர்வாகம் அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுத்தது. திங்கட்கிழமை வரும் கோயம்புத்தூர் வியாபாரி அதை எடுத்துக்கொண்டால் வருடா வருடம் செய்யலாம். எடுக்காவிட்டால் இனி அந்தக் கொழுந்தும் மற்றதோடு கலந்து சாதாரணத் தூளாகிவிடும். கோப்பைகளை அடுக்கி, தேயிலை நிறுத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றும் வேலை என்னுடையது.

திங்கட்கிழமை நான் சென்ட் அடிக்கவில்லை. இதை எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வேன். குளித்தேன், துவைத்த சட்டை போட்டேன், மேலே அதே ஸ்வெட்டரை மாட்டினேன். எங்கள் மலையில் சட்டை தினமும் மாறும். ஸ்வெட்டர் வெயில் வந்தால்தான் மாறும். கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் மூக்கைச் சுளித்து, “ஏனுங்க, ஊட்ல யாருக்குங்க காய்ச்சல்? கொழந்தைங்களுக்குக் குடுக்கற மருந்து வாசம் வருதுங்க” என்றார். நேற்றைய வாசம் ஸ்வெட்டரிலேயே தங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஸ்வெட்டர் மறைத்துக்கொள்ளும் என்கிற தைரியத்தில், காலர் மட்டும் ஒழுங்காக இருந்து முதுகு முழுக்கக் கிழிந்த சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தேன். எனவே அறிவியலை நம்பினேன். டிரையரின் சூட்டில் இலையின் ஈரம் போகிறதே, வாசம் போகாதா? பத்து நிமிடம் அதன் வாயருகே நின்று முன்னும் பின்னும் திரும்பினேன். சூடு பட்டால் சென்ட் இன்னும் விரிந்து மணக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாட்டும் மாடியில் வேலை செய்த பெண்கள் இருவர், இன்றைக்கு டீக்கு பன் தருகிறார்களா என்று கீழே எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்து கோப்பைகள். மூன்றாவது மேடத்தின் தேயிலை. வியாபாரி உறிஞ்சித் துப்பிக்கொண்டே வந்து மூன்றாவதை நெருங்கியபோது, நான் அதற்கு நேராகத் தட்டோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நான் மூச்சை விடாவிட்டால் என் ஸ்வெட்டரும் விடாது என்று ஒரு நம்பிக்கை. அவர் குனிந்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார். “அருமைங்க. வெனிலா மாதிரி ஒரு இனிப்பு மணம் வருது. இத்தனை வருசத்துல தேயிலையில இதை நான் பாத்ததே இல்லை. மொத்தத்தையும் எடுத்துக்கறேன்” என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அந்த நொடியில் நான் கட்டிய மனக்கோட்டைகளைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சரக்கு விற்றுவிட்டது, மேடம் சும்மா இருந்தால் போதும், நானும் தப்பித்தேன், அவரும் ஜெயித்தார் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கரண்டியை மேசையில் வைத்தார். “அது தேயிலை இல்லீங்க. எங்க கிளார்க்கு” என்றார். வியாபாரி விழித்தார். “அவரு ஸ்வெட்டர்ல இருந்து வருதுங்க. இதை நம்பி நீங்க வாங்குனா, ஒவ்வொரு மூட்டைக்குள்ளயும் இவரையும் வெச்சுக் கட்டி அனுப்பணும். எங்களுக்கு இருக்கறது ஒரு கிளார்க்குதானுங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், “நீங்க போய் வெளிய நில்லுங்க. எல்லாத்தையும் மறுபடி போடலாம்” என்றார். திரும்பி நடந்தால் கிழிசல் தெரியுமென்று, ஸ்வெட்டர் போட்டிருப்பதையே மறந்து, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினேன்.

ஜன்னலைத் திறந்து காற்று மாறவிட்டு, புதிதாக ஐந்து கோப்பை போட்டார் மேடம். பனிமூட்டத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரி மூன்றாவதை இரண்டு முறை உறிஞ்சினார். தலையை ஆட்டவுமில்லை, கண்ணை மூடவுமில்லை. மாதிரிக்கு ஒரு சின்னப் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதினோரு நாள் தகவல் இல்லை. அந்த நாட்களில் மேடம் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் போனை நான்தான் எடுத்தேன். “வெனிலா இல்லாமயே நல்லாத்தான் இருக்குதுன்னு ஊட்ல எல்லாரும் சொல்றாங்க. முழுசும் அனுப்பிருங்க. அந்த கேக்கு ஆளு சௌக்கியங்களா?” என்றார் வியாபாரி. சௌக்கியமாக இருக்கிறார் என்று வேறு குரலில் சொன்னேன். மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னதும் அவர் சிரித்தார். மறுநாள் என் வீட்டிலிருந்து பாட்டிலை வரவழைத்து, சீட்டெழுதிக் கட்டி, கேட்டில் காவலில் வைத்தார்.

போன வருடம் கூடலூர் பக்கம் பெரிய தொழிற்சாலை ஒன்றுக்கு அவர் மேலாளராகப் போனார். கடைசி நாள் சாயங்காலம், ஜீப் காத்திருக்க, கேட்டில் நின்று அந்தப் பாட்டிலை எடுத்தார். இரண்டு மணிக்கட்டிலும் அடித்துக்கொண்டு, “நாளைக்கு எனக்கு ருசி பாக்கற வேலை இல்லை. எப்படி இருக்குதுங்க?” என்று நீட்டினார். பத்தொன்பது வருடத்தில் அவர் மேல் நான் கண்ட முதல் வாசனை. சொல்வதற்கு ஏராளம் இருந்தது. “மூக்கடைப்புங்க மேடம், ஒண்ணும் தெரியலை” என்றேன். அது பொய்யில்லை, கண்ணில் வந்ததில் பாதி மூக்கில் இறங்கியிருந்தது.

இந்தக் குளிர்காலமும் மேல் தோட்டத்து உறைபனித் தேயிலை, அவர் முறைப்படியே செய்து கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. புதிய டீமேக்கர் சீட்டைக் கழற்றிவிடலாமே என்றார், நான் விடவில்லை. சனிக்கிழமைகளில் வேலை முடிந்து, கேட்டுக்கு வெளியே ஓர் எட்டு வைத்த பிறகு ஒரு சொட்டு அடித்துக்கொள்கிறேன். இப்போது எனக்கு அதில் ஐஸ்கிரீம் வருவதில்லை. குளிர்ந்த அறையும், மூன்றாவது கோப்பையும், ‘எங்க கிளார்க்கு’ என்று ஒரு குரலும்தான் வருகின்றன. வாட்ச்மேன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.