நான் நீக்கிய பத்தி

"அந்தப் பத்தியை எடுத்தது நான்தான்" என்று இன்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

கொடைக்கானல் பக்கம் வடகவுஞ்சியில் பூண்டு பயிரிடும் ஓர் அக்கா, சுற்றுலா வருகிறவர்களுக்காக இரண்டு அறை கட்டியிருக்கிறார். அவருடைய வெப்சைட்டை வடிவமைத்தது நான். நெட்டில் தேடுகிறவர்கள் கண்ணில் அதைப் பட வைப்பது திண்டுக்கல் முருகேசனின் வேலை.

முருகேசன் வெப்சைட்டின் முகப்பில் ஒரு பத்தி எழுதியிருந்தார். அதில் கொடைக்கானல் என்ற பெயர் பதினோரு முறை வந்தது. என் பனிமூட்டப் படத்துக்குக் கீழே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. போன மாதம் அவரிடம் கேட்காமலே எடுத்துவிட்டேன்.

இன்று அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். முருகேசனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சீசன் வந்துருச்சு தம்பி, ஒரு போன் வரல. நெட்டுல தேடுனா நம்ம பேரையே காணோம். ரூம் ரெண்டும் சும்மா கெடக்கு. ஒங்க சோலிதான் என்ன?"

முருகேசன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

"வெரசா சரி பண்ணிர்றேன்க்கா" என்று மட்டும் சொன்னார். நான் டீயைக் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவரே ஆரம்பித்தார். "படத்தை மட்டும் வச்சா தேடுறப்போ வராதுங்க. என் பத்தியும் அர்ச்சனை மாதிரிதான் இருந்துச்சு. நீங்களே நல்லா எழுதுங்க, ஊர் பேரை மட்டும் விட்றாதீங்க."

"எத்தனை தடவை?"

"மூணு. உங்களுக்காக."

வீட்டுக்கு வந்ததும் எழுதி ஏற்றிவிட்டேன். கொடைக்கானல் நான்கு முறை வந்திருக்கிறது. நான்காவது முருகேசனுக்காக.

பிறகு அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"அய்யோ, அந்தத் தம்பிய வீணா ஏசி வஞ்சுட்டேனே" என்றார்.

என்னை ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்ததும் முருகேசனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம்.